‘நைஸ்’ என்னும் சொல்லின் கதை

நம் கல்லூரியில் காலை முதல் மணி அடித்தது முதல் மாலைப் பேருந்து புறப்படும் வரை ‘நைஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் எத்தனை முறை ஒலிக்கிறது என்று எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? நண்பன் அணிந்து வந்த சட்டை நைஸ். நேற்றுப் பார்த்த படம் நைஸ். உணவகத்துத் தேநீர் என்றைக்கேனும் சூடாக இருந்துவிட்டால் அதுவும் நைஸ். ஆங்கிலத்தில் பேச அஞ்சி ஒதுங்கும் மாணவரும் அஞ்சாமல் எடுத்தாளும் சொல் இது. ஏன், பள்ளிக்கூடப் படியை மிதிக்காத பாட்டி கூட மாவு மில்லில் நின்றுகொண்டு, “கொரகொரன்னு விட்டுடாதேப்பா, நல்லா நைஸா அரைச்சுக் குடு” என்கிறார்.

இத்தனை எளிய சொல்லுக்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் இந்த எளிய சொல்தான் ஒரு காலத்தில் என்னை ஓராண்டுக் காலம் வகுப்பில் வாய் திறவாமல் உட்கார வைத்தது. அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன் என்றாலும் தவறில்லை.

ஒரு வகுப்பறை நிகழ்ச்சி

கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கில இலக்கியம் படிக்கும் ஆசையோடு ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்த நேரம். உரைநடைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு கருத்துகளைக் கூறி, அவற்றினிடையே ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ உண்டு என்று பாடநூலில் எழுதியிருந்தது. பாடம் நடத்தியவர் என்னை எழுப்பி அத்தொடருக்குத் தமிழில் பொருள் கேட்டார்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. தெரியாத கடுஞ்சொல் எதுவும் அதில் இல்லை. “நல்ல வேறுபாடு, சார்” என்றேன்.

அவர் சிரித்தார். அவர் சிரித்ததால் வகுப்பும் சிரித்தது. “நைஸுக்கே அர்த்தம் தெரியவில்லை, இலக்கியம் படிக்க வந்துவிட்டாயா? உட்கார்” என்றார். சரியான பொருள் இன்னதென்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. நான் மட்டும் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். அந்த ஆண்டு முழுவதும் கேட்ட கேள்விகளில் பாதிக்கு விடை தெரிந்திருந்தும் எழுந்து சொன்னதில்லை.

மாதங்கள் கழிந்து ஒரு நாள், நூலகத்தில் எவரும் தொடாமல் தூசி படிந்து கிடந்த பெரிய அகராதி ஒன்றைப் புரட்டினேன். ‘நைஸ்’ என்னும் சொல்லுக்கு அரைப் பக்கத்துக்கு மேல் பொருள் கூறியிருந்தது. ‘நுட்பமான, எளிதில் புலப்படாத’ என்பது நடுவில் ஓரிடத்தில் இருந்தது. அதுதான் நான் சொல்லத் தவறிய பொருள். ஆனால் என் கண் அங்கே நிற்கவில்லை. முதல் வரிசையில், இச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது பெற்றிருந்த பொருள் என்று கொடுத்திருந்ததைப் படித்தேன்: ‘அறியாத, மூடத்தனமான.’

‘நைஸ்’ அறியாதவன் என்று பெயர் வாங்கிய நான், ‘நைஸ்’ என்றாலே ‘அறியாதவன்’ என்றுதான் முதலில் பொருள் என்பதை அன்று அறிந்தேன்!

பிறந்த வீடு

இச்சொல்லின் பிறந்த வீடு இலத்தீன் மொழி. அங்கே ‘ஸ்கீரே’ என்றால் ‘அறிதல்’. ‘நெ’ என்பது எதிர்மறை முன்னொட்டு. இரண்டும் கூடி ‘நெஸ்கியுஸ்’ என்றாயின. ‘அறியாதவன், அறிவற்றவன்’ என்பது பொருள். நம்மவர் ‘ஞானம்’ என்பதன் முன் எதிர்மறையைச் சேர்த்து ‘அஞ்ஞானம்’ என்பதை ஒத்தது இந்த ஆக்கம்.

‘ஸ்கீரே’ என்னும் இவ்வேர் நமக்கு முற்றும் புதியதன்று. அறிவியலைக் குறிக்கும் ‘சயின்ஸ்’ என்னும் சொல் இதிலிருந்து வந்ததே. மனச்சான்றைக் குறிக்கும் ‘கான்ஷியன்ஸ்’ என்பதும் இவ்வேரின் வழிவந்தது. ஆகவே ‘சயின்ஸ்’, ‘நைஸ்’ ஆகிய இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று அறிவையும் மற்றொன்று அறியாமையையும் பெயராகச் சுமந்து வந்தன. ‘ஸ்கீரே’ என்பதற்கும் அடியில் ‘வெட்டு, பிரி’ என்னும் பொருளுடைய மிகப் பழைய வேர் ஒன்று உண்டென மொழிநூலார் கருதுவர். அறிதலாவது ஒன்றினின்றும் ஒன்றைப் பிரித்துணர்தல் என்பது அதன் உட்பொருள். இதை நினைவில் வையுங்கள், பின்னர்ப் பயன்படும்.

இலத்தீனின் ‘நெஸ்கியுஸ்’ தேய்ந்து பழைய பிரெஞ்சு மொழியில் ‘நீஸ்’ என்றாயிற்று. அங்கே அதற்கு ‘பேதையான, மந்தமான’ என்பன போன்ற பொருள்கள் வழங்கின. 1066ஆம் ஆண்டு நார்மாண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தை வென்று அரசனானான். அதன்பின் அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. அக்கூட்டத்தோடு 1300ஆம் ஆண்டை ஒட்டி நம் சொல்லும் வந்து சேர்ந்தது. வந்தபோது அது புகழ்ச்சொல்லே அன்று, வசைச்சொல். அந்நாளில் ஒருவரை ‘நைஸ்’ என்றால் அவர் சண்டைக்கு வந்திருப்பார்.

சாசர் சொன்ன உண்மை

ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப்படும் சாசர் 1400ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய நூல்களில் இச்சொல் மூடத்தனம் என்னும் பொருளில் பலவிடத்தும் வருகிறது. அவற்றுள் ஓரிடம் நமக்கு மிகவும் வேண்டியது.

1380களில் அவர் இயற்றிய ‘டிராய்லஸும் கிரிசெய்டும்’ என்னும் காப்பியத்தின் இரண்டாம் பகுதித் தொடக்கத்தில் சாசர் மொழியைப் பற்றிப் பேசுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்குள் பேச்சின் வடிவம் மாறிவிடுகிறது. ஒரு காலத்தில் மதிப்போடு வழங்கிய சொற்கள் இன்று நமக்கு அசட்டுத்தனமாகவும் அயலாகவும் தோன்றுகின்றன. ஆயினும் அன்றைய மக்கள் அவற்றைக் கொண்டே பேசினார்கள், காதலிலும் இன்றைய மக்களைப்போலவே வென்றார்கள் என்பது அவர் கருத்து. இதில் ‘அசட்டுத்தனமாக’ என்பதற்கு அவர் எந்தச் சொல்லை ஆண்டார் தெரியுமா? ‘நைஸ்’ என்பதைத்தான்!

சொற்கள் மாறும் என்று சொல்ல அவர் பயன்படுத்திய சொல்லே பின்னர் அடியோடு மாறிப்போயிற்று. இன்றைய மாணவர் ஒருவர் அகராதி பாராமல் அவ்வரியைப் படித்தால், ‘பழைய சொற்கள் இன்று இனிமையாகத் தோன்றுகின்றன’ என்று நேர்மாறாகப் பொருள் கொண்டுவிடுவார். கவிஞர் கூறிய உண்மைக்கு அவர் எழுத்தே சான்றாக நிற்பது வியப்பன்றோ!

மாறிய வேடங்கள்

மூடத்தனத்தில் தொடங்கிய சொல் இனிமையில் வந்து முடிந்தது எப்படி? ஒரே தாவலில் அன்று. சிறு சிறு அடிகளாக.

அறிவில்லாதவன் கட்டுப்பாடின்றித் திரிவான் அல்லவா? ஆகவே ‘ஒழுக்கமற்ற, ஆடம்பரமான’ என்னும் பொருள் முதலில் ஏற்பட்டது. பகட்டாக உடுத்துவோரை இச்சொல்லால் இகழ்ந்தனர். பகட்டாக உடுத்துபவர் உடையின் ஒவ்வொரு மடிப்பையும் நோக்குவர். உண்பதிலும் உடுப்பதிலும் எதிலும் குறை காண்பர். ஆகவே ‘எளிதில் மனம் நிறைவடையாத’ என்னும் பொருள் வந்தது. ‘கூச்சமுள்ள, தயங்குகின்ற’ என்னும் பொருளும் இடையே தோன்றியது. எதிலும் குறை காண்பவர் சிறு வேறுபாட்டையும் பிரித்துணர வல்லவராக இருப்பர். ஆகவே 16ஆம் நூற்றாண்டளவில் ‘நுணுக்கமான, துல்லியமான’ என்னும் பொருள் காலூன்றியது. நுணுக்கமானது மென்மையானது, மென்மையானது சுவைக்கு இனியது. இவ்வழியே 18ஆம் நூற்றாண்டில் ‘இனிய, விரும்பத்தக்க’ என்னும் பொருள் பரவி, 19ஆம் நூற்றாண்டில் ‘அன்பான, பரிவுள்ள’ என்பதும் சேர்ந்துகொண்டது.

ஒரு பொருள் போனபின் மற்றொன்று வந்தது என எண்ணிவிட வேண்டா. ஒரே காலத்தில் நான்கைந்து பொருள்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்போல் வாழ்ந்தன. ஆகையால் 16, 17ஆம் நூற்றாண்டுகளின் எழுத்துகள் பலவற்றில் ஆசிரியர் எப்பொருளில் இச்சொல்லை ஆண்டார் என்று துணிவது அகராதிக்காரர்களுக்கே அரிதாயிற்று.

மேலே கூறிய ‘பிரித்துணர்தல்’ நினைவிருக்கிறதா? பிரித்துணராதவனுக்குப் பெயராக இருந்த சொல், நுட்பமாகப் பிரித்துணர்வதற்கே பெயராகிவிட்டது. ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்பது இப்பொருளின் மிச்சம். வழக்கறிஞர்கள் இன்றும் ‘நைஸ் பாயிண்ட் ஆஃப் லா’ என்பார்கள். சட்டத்தின் நுட்பமான சிக்கல் என்பது அதன் பொருள். என்னை உட்கார வைத்த பாடவரியிலும் இதுவே இருந்தது.

வந்து சேராத கடிதம்

பழம்பொருளை அறியாமல் படித்தால் என்ன இழப்பு என்பதை ஷேக்ஸ்பியரிடம் காண்போம்.

‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கம், இரண்டாம் காட்சி. ஜூலியட் இறக்கவில்லை, மருந்தால் உறங்குகிறாள் என்னும் செய்தியை மாந்துவா நகரிலிருந்த ரோமியோவுக்குத் தெரிவிக்கத் துறவி லாரன்ஸ் ஒரு கடிதம் எழுதி, மற்றொரு துறவியிடம் கொடுத்து அனுப்புகிறார். கொள்ளைநோய் அச்சத்தால் அவரை ஒரு வீட்டினுள் வைத்து அடைத்துவிடுகிறார்கள். கடிதம் போய்ச் சேரவில்லை. அவர் திரும்பி வந்து அதைக் கூறியதும் லாரன்ஸ் பதறி, அக்கடிதம் ‘நைஸ்’ ஆனதன்று என்கிறார்.

இதை ‘அது நல்ல கடிதம் அன்று’ என்று கொண்டால் காட்சியே குலைந்துவிடும். இங்கு ‘நைஸ்’ என்பதற்கு ‘அற்பமான’ என்பது பொருள். ‘அது அற்பக் கடிதமா? இரண்டு உயிர்கள் அதில் இருந்தனவே!’ என்பது துறவியின் கதறல். இதே நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் டைபால்ட் இறந்தபின் நடந்ததை எடுத்துரைக்கும் பென்வோலியோவும், அந்தச் சண்டையின் காரணம் எவ்வளவு அற்பமானது என்பதற்கு இச்சொல்லையே ஆள்கிறான். ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தின் நான்காம் அங்கத்தில் புரூட்டஸும் காசியஸும் பூசலிடும் புகழ்பெற்ற காட்சியிலும் இது உண்டு. கையூட்டு வாங்கியதற்காக ஒருவனைப் புரூட்டஸ் தண்டித்துவிட்டான். இத்தகைய நெருக்கடியில் ஒவ்வொரு ‘நைஸ்’ குற்றத்தையும் தூக்கிப் பிடிப்பதா என்று காசியஸ் வெகுள்கிறான். சின்னஞ்சிறு குற்றம் என்பதே அவன் கருத்து.

ஓர் உலாவும் ஒரு கேலியும்

இச்சொல் ‘இனிய’ என்னும் பொருளில் பெருவழக்கானபோது ஆங்கிலேயர் எல்லாரும் அதை வரவேற்கவில்லை. அதைக் கேலி செய்யும் இனிய காட்சி ஒன்று ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘நார்த்தேங்கர் அபி’ என்னும் புதினத்தில் உள்ளது. ஆசிரியை 1817 ஜூலையில் மறைந்தபின் அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த நூல் அது.

பாத் நகருக்கு அருகில் மூவர் உலாவச் செல்கின்றனர்: கேதரின் என்னும் இளம்பெண், ஹென்றி டில்னி என்னும் இளைஞன், அவன் தங்கை எலினார். அப்போது பெரும்புகழ் பெற்றிருந்த ஒரு திகில் நாவலைக் குறிப்பிட்டு, உலகிலேயே மிக நைஸான புத்தகம் அதுதானே என்கிறாள் கேதரின். ஹென்றி விடவில்லை. ‘நேர்த்தியானது என்கிறாய் போலும், அது கட்டடத்தைப் பொறுத்தது’ என்று புத்தகக் கட்டடத்தைச் சுட்டிக் கிண்டல் செய்கிறான். நைஸான நாள், நைஸான உலா, நைஸான இரு பெண்கள் என்று அடுக்கி, எதற்கும் பொருந்தும் சொல்லாக இது ஆகிவிட்டதே என்கிறான். முதலில் இது நேர்த்தி, தகுதி, மென்மை ஆகியவற்றையே குறித்திருக்கும் என்பது அவன் எண்ணம்.

இங்கே இரண்டு நகைச்சுவை உண்டு. முதலாவது, எல்லாம் அறிந்தவன்போல் பேசும் ஹென்றிக்கும் சொல்லின் உண்மையான தொடக்கம் தெரியவில்லை. அவன் ‘முதற்பொருள்’ என்றது இடையில் வந்த பொருள். இரண்டாவது, எலினார் தன் அண்ணனை மடக்கும் விதம். புகழ்ச்சி சிறிதும் இன்றி அச்சொல் உனக்குத்தான் பொருந்தும். உன்னிடம் அறிவைவிட ‘நைஸ்’ மிகுதி என்கிறாள் அவள். எதிலும் குறை காண்பவன் என்னும் பழம்பொருளில் சொல்லி அவனை அவன் வாளாலேயே வீழ்த்திவிடுகிறாள்.

1926இல் ஆங்கில வழக்கு பற்றிய புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட ஃபௌலர் என்பவரும் இச்சொல் தன் தனித்தன்மையை இழந்து வெற்றுப் புகழ்ச்சியாகிவிட்டது என்று வருந்தி, பழியைப் பெண்கள்மேல் போட்டார். நம் வகுப்புகளில் கேட்கும் குரல்களை வைத்துப் பார்த்தால் ஆண்களும் இதில் சளைத்தவர்களாகத் தோன்றவில்லை.

நம் மொழியில் இல்லையா?

‘இழிந்த சொல் உயர்வதும் உண்டோ?’ என்று வியக்க வேண்டா. மொழிநூலார் இதனை உயர்பொருட்பேறு என்பர். உயர்ந்த சொல் தாழ்வது இழிபொருட்பேறு. இரண்டும் எல்லா மொழிகளிலும் உண்டு.

‘நாற்றம்’ என்னும் சொல்லைப் பாருங்கள். பழந்தமிழில் அது மணம். மலரும் சந்தனமும் நாறின. இன்று அச்சொல்லைக் கேட்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ‘களிப்பு’ இதற்கு நேர்மாறானது. கள்ளுண்டு மயங்குவதே பழைய களிப்பு. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் களித்தவன் என்றால் குடித்து மயங்கியவன். இன்றோ திருமண அழைப்பிதழிலும் ‘களிப்புடன்’ என எழுதத் தயங்குவதில்லை.

‘நைஸ்’ என்பதற்கு மிக நெருங்கிய உறவு ‘மடம்’ என்னும் சொல். ‘மடமை’ என்றால் அறியாமை. ஆயினும் அச்சம், நாணம், பயிர்ப்பு ஆகியவற்றோடு ‘மடம்’ என்பதையும் சேர்த்துப் பெண்மையின் அழகாகப் பழைய நூலோர் எண்ணினர். பிறர் அறிவுறுத்தியதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என்று உரையாசிரியர் அதற்கு நயம்பட விளக்கம் தந்தனர். அறியாமை அழகாகத் தோன்றிய இடம் இது. அறியாதவரை இனியவர் என்று பாராட்டுவதில் ஆள்வோர்க்கு உள்ள வசதியை இன்று கல்லூரிக்கு வந்து படிக்கும் நம் மாணவியர் நன்கு உணர்வர்.

ஆங்கிலத்திலும் இவ்வாறான உறவினர் பலர். அன்பு கொண்ட என்னும் பொருள்தரும் ‘ஃபாண்ட்’ முன்பு ‘மூடத்தனமான’ என்றிருந்தது. அழகைச் சொல்லும் ‘பிரெட்டி’ முன்பு ‘தந்திரமுள்ள’ என்றிருந்தது. ‘சில்லி’ என்பதோ எதிர்த்திசையில் நடந்தது. பழைய ஆங்கிலத்தில் அது ‘பேறுபெற்ற, மகிழ்வுடைய’ என்று பொருள்பட்டது. பின்னர்க் ‘களங்கமற்ற’ என்றும், ‘இரங்கத்தக்க’ என்றும் இறங்கி, இன்று ‘அசட்டுத்தனமான’ என்று நிற்கிறது. ‘நைஸ்’ ஏறிய ஏணியில் ‘சில்லி’ இறங்கியது எனலாம்.

ஓசை ஒப்புமை உறவாகாது

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘நயம்’ என்னும் தமிழ்ச் சொல்லே ‘நைஸ்’ ஆயிற்று என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமையாக இருக்கிறது, உண்மை அன்று. சாசர் காலத்தில் இச்சொல்லை ‘நீஸ்’ என்பது போலவே ஒலித்தனர். அதை வைத்து ‘நீசன்’ என்பதோடு முடிச்சுப் போட்டாலும் அதே பிழைதான். பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள ‘நீஸ்’ நகரின் பெயரை ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால் எழுதுகின்றனர். ஆனால் அது வெற்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. எழுத்தும் ஓசையும் ஒத்திருப்பதால் மட்டும் உறவு ஏற்பட்டுவிடாது.

பிறகு எதைக் கொண்டு துணிவது? ஏட்டுச் சான்றைக் கொண்டுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. முழுப்பணி 1928இல் நிறைவுற்றது. தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே பணி முடிவதற்கு முன் 1915இல் மறைந்தார். ஊதியமின்றி ஊர் ஊராக நூல்களைப் படித்த அன்பர்கள் ஒவ்வொரு சொல்லும் வரும் தொடரைச் சிறு தாள்களில் எழுதி அனுப்பினர். அவற்றைக் கால வரிசையில் அடுக்கியதால்தான் ஒரு சொல் எந்த நூற்றாண்டில் எந்த வேடம் புனைந்தது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. நமக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து உதவுகிறது. இரண்டையும் மாணவர்கள் ஒரு முறையேனும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மாவு மில் நைஸ்

நம் நாட்டுக்கு வந்த ‘நைஸ்’ சும்மா இருக்கவில்லை. மாவு நைஸாக இருக்க வேண்டும் என்னும்போது ‘நுண்ணிய’ என்பதையே குறிக்கிறோம். மாவு மில்லில் நின்ற பாட்டியின் சொல்லில் இங்கிலாந்தின் பழம்பொருள் ஒன்று வாழ்கிறது! துணியைத் தடவிப் பார்த்து நைஸ் என்னும்போது ‘வழவழப்பான’ என்கிறோம். வழவழப்பானது ஓசையின்றி நழுவும். ஆகவே ‘கூட்டத்திலிருந்து நைஸாக நழுவிவிட்டான்’, ‘நைஸாகப் பேசிக் காரியத்தைச் சாதித்துக்கொண்டான்’ என்றும் சொல்கிறோம். பிறர் அறியாதவாறு செய்வது என்பது இதன் கருத்து. அறியாமையில் பிறந்த சொல், பிறரை அறியாமல் வைத்திருக்கும் கெட்டிக்காரத்தனத்தையும் தமிழில் பெற்றுவிட்டது. இப்பொருள் எந்த ஆங்கிலேயருக்கும் விளங்காது. அதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. இலத்தீனிலிருந்து பிரெஞ்சுக்காரர் எடுத்தபோதும், பிரெஞ்சிலிருந்து ஆங்கிலேயர் எடுத்தபோதும் இதைத்தானே செய்தார்கள்?

மீண்டும் வகுப்பறை

சென்ற ஆண்டு ‘ஜூலியஸ் சீசர்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மேலே கூறிய காசியஸின் பேச்சு வந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவி ஒருவரை எழுப்பி, “பொருள் சொல்லும்மா” என்றேன்.

அவர் சிறிது தயங்கி, “அழகான குற்றம், சார்” என்றார்.

வகுப்பு சிரித்தது. ஒளிப்பானேன், எனக்கும் சிரிப்பு உதடு வரை வந்துவிட்டது. அந்த நொடியில் பழைய வகுப்பறையும், நான் உட்கார்ந்த பலகையும் கண்முன் வந்தன. “சிரிக்காதீர்கள். இதே சொல்லில் நானும் இடறி விழுந்தவன்தான்” என்றேன். பிறகு அந்த மாணவியிடம், “இன்றைய பொருளின்படி நீ சொன்னது சரிதானம்மா. ஷேக்ஸ்பியர் நானூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதினார். அப்போது இதற்கு வேறு பொருள்” என்று கூறி, இங்கு எழுதியிருப்பதில் பாதியைச் சொன்னேன். பாடப்பகுதி அன்று முடியவில்லை.

மறுநாள் காலை அந்த மாணவி துறை அறை வாயிலில் நின்றார். “சார், ‘சில்லி’ன்னு அடிக்கடி சொல்றாங்களே, அதுக்கும் இந்த மாதிரி பழைய அர்த்தம் ஏதாவது இருக்குமா?” என்று கேட்டார். அகராதியை எடுத்துக் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னேன். மேலே ‘சில்லி’ பற்றி எழுதியதை அவர் தாளில் குறித்து வந்ததிலிருந்தே எடுத்தேன்.

மாணவ நண்பர்களே! பழைய நூலைப் படிக்கும்போது கடினமான சொற்களைவிட எளிய சொற்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவோம். தெரிந்ததாக எண்ணும் சொல்லே நம்மை ஏமாற்றும். அடுத்து, எதைப் பார்த்தாலும் ‘நைஸ்’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். பாட்டு இனிமையாக இருந்ததா, கருத்து நுட்பமாக இருந்ததா, மனிதர் பரிவாக இருந்தாரா என்று பிரித்துச் சொல்லுங்கள். பிரித்துச் சொல்வதே அறிவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியாது என்பதற்காக நாணித் தலைகுனியாதீர்கள். தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யாதீர்கள். ‘அறியாதவன்’ என்று பெயர் தாங்கி வந்த ஒரு சொல், எழுநூறு ஆண்டுகளில் நுட்பத்துக்கும் இனிமைக்கும் பரிவுக்கும் பெயராக உயர்ந்திருக்கிறது. மூன்று ஆண்டுகள் இங்கே படிக்கும் நம்மால் முடியாதா என்ன?